டாக்டர் இருந்தார், ஆனால் வரவில்லை: ஒமாஹா மக்களுக்கு ஆஸ்பத்திரி எழுப்பிய சூசன் லா ஃப்ளெஷ் பிக்காட்

காகிதத்தில் பார்த்தால் ஒமாஹா மக்களுக்கு எல்லாமே இருந்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், மிசௌரி ஆற்றை ஒட்டி அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம். அதை நிர்வகிக்க அரசாங்கம் அனுப்பிய ஏஜென்ட். பள்ளிக்கூடம். அரசு சம்பளத்தில் ஒரு டாக்டர்கூட உண்டு.

1870-களில் ஓர் இரவு. வயதான ஒமாஹா பெண்மணி ஒருவர் வலியில் துடித்துக்கொண்டிருந்தார். டாக்டரைக் கூப்பிட ஆள் போனது. வருகிறேன் என்று பதில் வந்தது, டாக்டர் வரவில்லை. மறுபடியும் ஆள் போனது. இப்படியே நாலு தடவை. விடிவதற்குள் அந்தப் பாட்டி இறந்துவிட்டார். படுக்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சிறுமிக்கு அப்போது எட்டு வயது இருக்கும். போனது ஓர் இந்தியரின் உயிர்தானே என்ற அலட்சியம்தான் டாக்டரைத் தடுத்தது என்பது அந்த வயதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்தச் சிறுமிதான் சூசன் லா ஃப்ளெஷ். பின்னாளில் அமெரிக்கப் பூர்வகுடிகளிலிருந்து மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண். தன் மக்களுக்காக, அரசாங்கத்திடமிருந்து ஒரு டாலர்கூட வாங்காமல், ரிசர்வேஷன் நிலத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியைக் கொண்டுவந்தவர்.

ஒரு நிமிஷம். ரிசர்வேஷன் என்றதும் நமக்கு இடஒதுக்கீடுதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அந்தச் சொல்லின் அர்த்தமே வேறு. பூர்வகுடிகளின் பரந்த நிலத்தை ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொண்டு, மிச்சமாக ஒரு துண்டை விட்டுவைப்பார்கள். அதுதான் ரிசர்வேஷன். ஒமாஹா மக்கள் 1854-ல் அப்படி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1865-ல் மிச்சமிருந்ததிலும் வடக்குப் பகுதியை, வேறு இடங்களிலிருந்து விரட்டப்பட்டு வந்த வின்னபேகோ மக்களுக்காக விற்க வேண்டியதாயிற்று. அதே 1865-ல், ஜூன் 17 அன்று சூசன் பிறந்தார்.

மரக்கால் தலைவரின் கடைசி மகள்

அப்பா ஜோசப் லா ஃப்ளெஷ். இரும்புக்கண் என்பது அவருடைய ஒமாஹா பெயரின் பொருள். பிரெஞ்சு வியாபாரி ஒருவருக்கும் பூர்வகுடிப் பெண்ணுக்கும் பிறந்தவர். பழைய தலைவர் பிக் எல்க் அவரைத் தன் மகனாகவே ஏற்றுக்கொண்டதால் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஒரு காலை இழந்து மரக்காலோடு நடந்தவர். வெள்ளையர்கள் வந்துவிட்டார்கள், இனி திரும்பிப் போகப்போவதில்லை, அவர்களுடைய படிப்பையும் விவசாயத்தையும் கற்றுக்கொண்டால்தான் பிழைக்க முடியும் என்பது அவருடைய கணக்கு. மரவீடுகள் கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தன் ஊரில் மதுவைக் கண்டிப்பாகத் தடை செய்தார். பழைய வழியை விடாத ஒமாஹாக்கள் அவருடைய ஊரை, பொய்யான வெள்ளைக்காரர்களின் கிராமம் என்று கிண்டல் செய்தார்கள்.

அப்பாவின் இந்தக் கணக்கு சரியா தப்பா என்று இன்றைக்கும் வாதம் செய்யலாம். ஆனா அவருடைய பிள்ளைகள் எட்டிய உயரத்தை யாரும் மறுக்க முடியாது. மூத்த மகள் சூசெட் பூர்வகுடி உரிமைகளுக்காக அமெரிக்கா முழுக்க மேடையேறினார். இன்னொரு மனைவிக்குப் பிறந்த மகன் ஃபிரான்சிஸ் மானுடவியல் அறிஞரானார். சூசன் நான்கு பெண்களில் கடைக்குட்டி.

14 வயதில் அக்கா மார்கரெட்டோடு நியூஜெர்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் போனார். 17 வயதில் ஊர் திரும்பி, மிஷன் பள்ளியில் வேலை பார்த்தார். அந்தச் சமயத்தில் ஆலிஸ் ஃப்ளெட்சர் என்ற மானுடவியலாளர் அங்கே தங்கி நிலப்பங்கீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். அவர் கடுமையாக நோய்வாய்ப்பட்டபோது கவனித்துக்கொண்டவர்களில் சூசனும் ஒருவர். மேலே படி என்று தூண்டியதிலும், பின்னால் பண உதவிக்கு வழி தேடியதிலும் ஃப்ளெட்சருக்குப் பங்கு உண்டு.

அடுத்து வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கல்லூரி. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காகத் தொடங்கி, பிறகு பூர்வகுடி மாணவர்களையும் சேர்த்துக்கொண்ட நிறுவனம் அது. 1886-ல் வகுப்பில் இரண்டாமிடத்தில் தேறினார். அங்கிருந்த பெண் டாக்டர் மார்த்தா வால்ட்ரன் பிலடெல்ஃபியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சூசனையும் அங்கே விண்ணப்பிக்கச் சொன்னார்.

சீட் கிடைத்துவிடும். ஃபீஸ்? கனெக்டிகட்டைச் சேர்ந்த ஒரு பெண்கள் சங்கம் முன்வந்தது. அரசின் இந்திய விவகார அலுவலகமும் கொஞ்சம் பணம் கொடுத்தது. பூர்வகுடிகளை 'நாகரிகப்படுத்துவது' தங்கள் கடமை என்று நம்பிய நல்லெண்ணச் சங்கம் அது. அதனால் உதவியோடு ஒரு நிபந்தனையும் வந்தது. படிக்கும் காலத்திலும், டாக்டராகி முதல் சில ஆண்டுகளிலும் கல்யாணம் கூடாது. ஹாம்ப்டனில் ஒரு சூ இன இளைஞர் மீது சூசனுக்குப் பிரியம் இருந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் ரயிலேறினார்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு தகவல். புடவை கட்டிய ஓர் இந்தியப் பெண், கிமோனோ அணிந்த ஜப்பானியப் பெண், சிரியாவைச் சேர்ந்த இன்னொருவர் என மூன்று மாணவிகள் சேர்ந்து எடுத்துக்கொண்ட பழைய கறுப்பு வெள்ளைப் படம் சமூக வலைத்தளங்களில் அடிக்கடி சுற்றும். அந்தப் புடவைக்காரர் மகாராஷ்டிரத்தின் ஆனந்திபாய் ஜோஷி. அவர் படித்ததும் இதே கல்லூரிதான். 1886 மார்ச்சில் ஆனந்திபாய் பட்டம் வாங்கிக் கிளம்பினார். அதே ஆண்டு அக்டோபரில் சூசன் உள்ளே வந்தார். சில மாதங்களில் இருவரும் சந்திக்காமல் போனார்கள். ஆனந்திபாய் ஊர் திரும்பிய கொஞ்ச காலத்திலேயே, டாக்டராக வேலை பார்க்க வாய்ப்பே இல்லாமல், 21 வயதில் காசநோயால் இறந்துபோனார். சூசனுக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது.

1889 மார்ச் 14. 36 பேர் கொண்ட வகுப்பில் முதலிடம். அப்போது அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய ஓட்டுரிமை கிடையாது. பூர்வகுடிகள் எல்லோரும் குடிமக்கள் என்று சட்டம் சொல்ல இன்னும் 35 வருஷம் இருந்தது. முந்தைய ஆண்டுதான் அப்பா இறந்திருந்தார். மகள் டாக்டரானதை அவர் பார்க்கவில்லை.

ஒரே டாக்டர், 1,200-க்கும் மேற்பட்ட நோயாளிகள்

பிலடெல்ஃபியாவில் சில மாதப் பயிற்சியை முடித்துவிட்டு 1889 ஆகஸ்டில் ஊருக்கு வந்தார். அரசு கொடுத்த வேலை, உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கான டாக்டர். அவ்வளவுதான். ஆனா ஊரில் வேறொரு கணக்கு ஓடியது. தங்கள் மொழியில் எங்கே வலிக்கிறது என்று கேட்கும் டாக்டர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் பெரியவர்களும் வரத் தொடங்கினார்கள். சில மாதங்களில் ரிசர்வேஷன் முழுக்க அவர் பொறுப்பில் வந்தது. 1,200-க்கும் அதிகமான மக்கள். சம்பளம் ஆண்டுக்கு 500 டாலர். ஒரு பெண்கள் சங்கம் மேற்கொண்டு கொஞ்சம் கொடுத்தது.

மொழி சும்மா ஒரு வசதி கிடையாது. மொழிபெயர்ப்பாளர் வழியாக உடம்பைச் சொல்ல வேண்டியிருந்தால், பாதி விஷயம் வாயிலேயே நின்றுவிடும். அதிலும் பெண்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

பள்ளி வளாகத்தில் ஒரு சின்ன அறைதான் கிளினிக். அங்கே மருந்து மட்டுமில்லை, பத்திரிகைகள், விளையாட்டுப் பொருட்கள், படங்கள் எல்லாம் இருக்கும். சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாம். அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தால் படித்துச் சொல்வார், பதில் எழுதித் தருவார், நிலக் கணக்கு பார்ப்பார், குடும்பச் சண்டையில் பஞ்சாயத்தும் பண்ணுவார்.

ஆனால் வேலையில் பாதி, வழியில்தான் போனது. வீடுகள் மைல் கணக்கில் சிதறிக் கிடந்தன. ஒழுங்கான சாலை இல்லை, தொலைபேசி இல்லை. பக்கத்து வீடுகளுக்கு நடந்தே போவார். தூரமாக இருந்தால் குதிரை. குதிரையில் தொங்கவிட்ட பையில் மருந்து சீசாக்கள் குலுங்கி உடைந்துபோகும் என்பதால் பிறகு ஒரு குதிரை வண்டி வாங்கிக்கொண்டார். நெப்ராஸ்காவின் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு வெகு கீழே போகும். அந்தப் பனியில் போய்ச் சேர்ந்தால், சில வீடுகளில் நோயாளிக்கு மருந்து கொடுப்பதற்கு முன்னால் சாப்பாடு சமைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். சாப்பாடே இல்லாத வீட்டில் மருந்து என்ன செய்யும்?

அந்தக் காலத்து மருத்துவத்தின் எல்லையையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆன்டிபயாடிக் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் 1882-ல் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அதைக் குணப்படுத்தும் முதல் மருந்து வர 1940-கள் ஆயின. காசநோய், இன்ஃப்ளூயன்ஸா, வயிற்றுப்போக்கு, கண்ணைக் குருடாக்கும் தொற்று என எதுவானாலும் டாக்டரின் கையில் பெரிய ஆயுதம் இல்லை. காற்று, வெளிச்சம், பால், சுத்தமான தண்ணீர், நோயாளியைத் தனியாகப் படுக்கவைப்பது, இவ்வளவுதான். அதாவது, வைத்தியத்தைவிட வீட்டுப் பழக்கத்தை மாற்றுவதுதான் பெரிய வேலை. அதை வெளியிலிருந்து வந்த ஒருவர் சொன்னால் உத்தரவு மாதிரி இருக்கும். சூசன் சொன்னால், ஜோசப்பின் மகள் சொல்கிறாள் என்று கேட்டார்கள். எல்லோரும் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. பழைய வைத்தியர்களை மட்டுமே நம்பியவர்களும் இருந்தார்கள்.

நான்கு ஆண்டுகள் இப்படி ஓடின. உடம்பு தாங்கவில்லை. தலையிலும் காதிலும் தீராத வலி. அம்மாவும் நோயில் விழுந்தார். 1893-ல் அரசு வேலையை விட்டார்.

1894-ல் கல்யாணம், யாங்க்டன் சூ இனத்தைச் சேர்ந்த ஹென்றி பிக்காட்டோடு. பான்கிராஃப்ட் என்ற சிற்றூரில் குடியேறி இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. கல்யாணமானால் பெண் டாக்டர் தொழிலை விட்டுவிட வேண்டும் என்று எதிர்பார்த்த காலம். சூசன் விடவில்லை. பூர்வகுடி, வெள்ளையர் என இரு தரப்பையும் பார்த்தார். சில நேரம் பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டே நோயாளி வீட்டுக்குப் போனார். இருட்டில் தேடி வருபவர்களுக்கு வழி தெரியட்டும் என்று வீட்டு ஜன்னலில் விளக்கு வைப்பார் என்று சொல்வார்கள்.

வலியும் கூடவே வந்தது. 1897-ல் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். ஊரே பதறியது.

சாராயமும் நிலமும்

சூசனின் வாழ்க்கையை வெறும் டாக்டர் கதையாகச் சொன்னால் பாதிக் கதைதான் வரும். நோய் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால் அவருக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு விஷயங்கள் எதிரே வந்து நின்றன. ஒன்று சாராயம், இன்னொன்று நிலம். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒமாஹா நிலம் குடும்பவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. அதைக் குறைந்த விலைக்கோ குத்தகைக்கோ பிடுங்க நினைத்தவர்களுக்கு விஸ்கி பாட்டில் நல்ல கருவி. அப்பா போட்டிருந்த தடை அவரோடு போய்விட்டது.

சொந்த வீட்டிலும் அது நுழைந்தது. கணவர் ஹென்றிக்குக் காசநோய், கூடவே குடிப்பழக்கம். 1905-ல் இறந்துவிட்டார். மதுவுக்கு எதிராகப் பிரசாரம் செய்த பெண்ணின் வீட்டிலேயே இப்படி என்று சிலர் இதை முரணாகச் சொல்வதுண்டு. முரண் ஒன்றும் இல்லை; எதை எதிர்க்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. மறு ஆண்டே ஒரு தூதுக்குழுவோடு வாஷிங்டன் போனார். ரிசர்வேஷன் எல்லைக்குள் புதிதாக உருவாகும் ஊர்களில் விற்கப்படும் மனைகளின் பத்திரத்திலேயே மது விற்பனைக்குத் தடை எழுதவைத்தார். அப்படி 1906-ல் உருவான வால்ட்ஹில் என்ற ஊருக்கே குடிபெயர்ந்தார்.

கணவர் இறந்தபின் இன்னொரு பாடமும் கிடைத்தது. தெற்கு டகோட்டாவில் ஹென்றிக்கு இருந்த நிலம் பிள்ளைகளுக்கு வர வேண்டும். ஆனால் பூர்வகுடிகளின் நிலம் அரசின் பாதுகாப்பில் இருந்ததால், அதை விற்கவோ பணத்தைக் கையாளவோ தகுதி உள்ளவர் என்று அதிகாரிகள் ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரியில் முதலிடம் வாங்கிய டாக்டர், தன் மகன்களின் பணத்தைச் செலவழிக்கத் தனக்குத் தகுதி உண்டு என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி நிரூபிக்க வேண்டியிருந்தது.

அவருக்கே இந்த நிலை என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு? ஒமாஹா நிலத்தின் மீதான 25 ஆண்டு அரசுப் பாதுகாப்பு முடியும் நேரத்தில், அதை மேலும் 10 ஆண்டு நீட்டிக்க அரசு முடிவு செய்தது. ஊர் கொதித்தது. 1910-ல் வாஷிங்டனுக்கு ஒரு குழு போக வேண்டும், அதில் டாக்டர் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். அவர் படுக்கையை விட்டு எழ முடியாத நிலையில் இருந்தார். நீங்கள் வராவிட்டால் தூக்கிக்கொண்டு போய் ரயிலில் ஏற்றிவிடுவோம் என்று அவர்கள் மிரட்டும் அளவுக்குப் போனது. போனார், வாதாடினார், நீட்டிப்பு தளர்ந்தது. பலருக்குத் தங்கள் நிலம் முழு உரிமையோடு கைக்கு வந்தது.

ஆனால் பின்விளைவு கசப்பானது. உரிமை கைக்கு வந்தவர்களில் பலர் கடனிலும் வரியிலும் ஏமாற்று வியாபாரத்திலும் அந்த நிலத்தை இழந்தார்கள். அவமானத்துக்கு எதிராக அவர் எழுப்பிய குரல் நியாயமானது; காத்துக்கொண்டிருந்த கழுகுகளைத் தடுக்க அந்த வெற்றியில் எந்த ஏற்பாடும் இல்லை. அவரைக் கொண்டாடி எழுதும் பல கட்டுரைகள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகின்றன.

ஒரு ஏக்கர், ஒரு ஆஸ்பத்திரி

வால்ட்ஹில்லில் அவர் செய்த சுகாதார வேலைகள் இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும். அப்போது பள்ளிக்கூடம், ரயில் நிலையம் என எங்கும் தண்ணீர்ப் பானைக்கு ஒரே குவளைதான். காசநோய் உள்ளவர் குடித்த அதே குவளையில் அடுத்தவர் குடிப்பார். அந்தப் பொதுக்குவளையை ஒழிக்கப் பாடுபட்டார். கதவு ஜன்னலுக்கு வலை அடியுங்கள், ஈ மொய்க்க விடாதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். மாநில அளவிலான பெண்கள் மன்றக் கூட்டமைப்பின் சுகாதாரக் குழுவுக்குத் தலைமை வகித்தார்.

இதெல்லாம் இருந்தும், கடுமையாக நோய்வாய்ப்பட்டவர்களைப் படுக்கவைக்க இடம் இல்லை. அறுவை சிகிச்சை வேண்டுமென்றால் வெகுதூரம் போக வேண்டும். அந்தப் பயணத்திலேயே சிலர் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரி என்பது அவர் பட்டம் வாங்கிய நாளிலிருந்தே சுமந்த ஆசை. அரசாங்கத்திடமிருந்து அது வரப்போவதில்லை என்பது தெளிவானதும் அவர் வேறு பக்கம் திரும்பினார். பிரெஸ்பிட்டேரியன் சபையின் மிஷன் வாரியம் 8,000 டாலர் தந்தது. குவேக்கர்கள் 500 டாலர். அக்கா மார்கரெட்டும் அவர் கணவரும் ஒரு ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார்கள். சியூ சிட்டியைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் வில்லியம் ஸ்டீல் வரைபடம் போட்டார். காசநோய்க்காரர்கள் காற்றும் வெயிலும் படப் படுத்திருக்க முன்பக்கம் அகலமான தாழ்வாரம்.

1913 ஜனவரியில் திறந்தது. ஒமாஹா, வின்னபேகோ, வெள்ளையர் யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டது. பூர்வகுடி ரிசர்வேஷனில் அரசுப் பணம் இல்லாமல் எழுந்த முதல் ஆஸ்பத்திரி இது என்று வரலாறு குறிக்கிறது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. சபைப் பணம் வந்த காரணம், சூசன் அந்தச் சபையின் மிஷனரியாகவும் இருந்தார் என்பதுதான். தன் மக்கள் வெள்ளையரின் வழிகளையும் கிறிஸ்தவத்தையும் ஏற்க வேண்டும் என்றும் அவர் நம்பினார். இன்றைய ஒமாஹா தலைமுறையில் சிலருக்கு அது நெருடலாக இருக்கலாம். ஆனா ஆஸ்பத்திரியில் சேருவதற்கு மதம் நிபந்தனையாக இருக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் அவரால் அதிக நாள் வேலை செய்ய முடியவில்லை. காது ஏறக்குறைய கேட்காமல் போயிருந்தது. வலிக்குக் காரணம் எலும்பில் பரவிய நோய். 1915-ல் அறுவை சிகிச்சைகள் செய்தும் பலனில்லை. செப்டம்பர் 18 அன்று, 50 வயதில் இறந்தார். இறுதிச் சடங்கைப் பாதிரியார்கள் நடத்தினார்கள். கடைசிப் பிரார்த்தனையை ஓர் ஒமாஹா பெரியவர் ஒமாஹா மொழியில் சொன்னார். கணவருக்குப் பக்கத்தில், பான்கிராஃப்ட்டில் அடக்கம்.

அதற்குப் பிறகு

ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1940-களின் நடுப்பகுதி வரை அது ஓடியது. 1993-ல் அந்தக் கட்டடம் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமானது.

பூர்வகுடிகளின் மருத்துவம் 1955-ல் தனி அரசுத் துறையாக, இந்தியன் ஹெல்த் சர்வீஸ் என்ற பெயரில் வந்தது. 1975-ல் வந்த சட்டம் இன்னும் பெரிய மாற்றம். அரசு செலவழிக்கும் பணத்தை வாங்கி, தங்கள் ஆஸ்பத்திரியைத் தாங்களே நடத்திக்கொள்ளப் பூர்வகுடி அரசுகளுக்கு அது வழி திறந்தது. அலாஸ்காவில் இன்று பூர்வகுடி மருத்துவம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஒமாஹா மக்களும் மேசி என்ற ஊரில் தங்கள் சுகாதார மையத்தைத் தாங்களே நடத்துகிறார்கள்.

1865-ல் ஒமாஹாக்கள் விற்ற அந்த வடக்குப் பகுதியில், வின்னபேகோ ஊரில், அரசே நடத்திய ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. ஒமாஹா மக்களும் அங்கேதான் போவார்கள். நோயாளிகளின் பாதுகாப்பில் கடுமையான குறைகள் கண்டுபிடிக்கப்பட்டு, 2015 ஜூலையில் அது மத்திய அரசின் அங்கீகாரத்தை இழந்தது. மெடிகேர், மெடிகெய்ட் பணம் நின்றது. கட்டடம் இருந்தது, டாக்டர்கள் இருந்தார்கள், நம்பிக்கைதான் போய்விட்டது. 2018 ஜூலையில் வின்னபேகோ மக்களின் அரசு அதைத் தன் கையில் எடுத்தது. ட்வெல்வ் கிளான்ஸ் யூனிட்டி ஹாஸ்பிடல் என்று பெயர் மாற்றினார்கள். வின்னபேகோ மக்களின் குலங்கள் பன்னிரண்டு.